வலது விலாவுக்குக் கீழே வலி: ஓர் இளம்பெண்ணின் கிளமிடியா தொற்று குறித்த நிகழ்வு ஆய்வு

ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் 23 வயதுப் பெண் ஒருவர், வலது விலா எலும்புகளுக்குக் கீழே ஏற்பட்ட வலிக்காகத் தம் தாயாருடன் தென்சென்னையில் உள்ள எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வலி தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஆழ்ந்து மூச்சு இழுத்தாலும், தும்மினாலும், படுக்கையில் வலப்பக்கம் திரும்பினாலும் சுருக்கென்று குத்தியது. சில வேளைகளில் வலது தோள்பட்டைக்கும் பரவியது. வாந்தியோ மஞ்சள் காமாலையோ இல்லை. சாப்பாட்டுக்கும் வலிக்கும் தொடர்பு இருப்பதாகவும் தெரியவில்லை. மாலையில் மட்டும் உடம்பு கதகதவென்று இருப்பதாகச் சொன்னார்.

இங்கே விவரிக்கப்படுபவர் ஒரே ஒரு தனிநபர் அல்லர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாலுறவு வழியாகப் பரவும் கிளமிடியா தொற்றுடன் வரும் இளையோரிடம் காணப்படும் கூறுகளை ஒரே நோயாளியின் வரலாறாகத் தொகுத்தே இந்த ஆய்வு எழுதப்பட்டுள்ளது.

வேளச்சேரியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்த அவர், எங்களிடம் வருவதற்கு முன்பே மூன்று இடங்களில் காட்டியிருந்தார். விடுதிக்கு அருகில் இருந்த மருத்துவர் வாயுத்தொல்லை என்று கருதி, வெறும் வயிற்றில் போடும் பான்டோப்ரசோல் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். வலி குறையாததால் அடுத்துச் சென்ற இடத்தில் பித்தப்பைக் கல் இருக்குமோ என்ற ஐயத்தில் வயிற்று ஸ்கேனும் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையும் எடுத்தார்கள். இரண்டும் இயல்பாக இருந்தன. மூன்றாவது இடத்தில் தசைப்பிடிப்பு என்று முடிவுசெய்து வலிநிவாரணியும் தடவுவதற்கு ஒரு ஜெல்லும் தந்தனர். செய்தி கேட்டு ஊரிலிருந்து புறப்பட்டு வந்த தாயார், எல்லாச் சீட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் தேதிவாரியாக அடுக்கி மடியில் வைத்திருந்தார். “ஹாஸ்டல் சாப்பாடுதான் டாக்டர், நேரத்துக்குச் சாப்பிடறதே இல்ல” என்று மகளுக்கு முன்னால் அவரே பேசத் தொடங்கினார்.

அந்த ஃபைலைப் புரட்டிப் பார்த்ததில் மூன்று மருத்துவர்களும் தத்தம் அளவில் பொறுப்பாகவே பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. வயிற்றின் மேற்பகுதியில் வலி என்றால் இரைப்பை, பித்தப்பை, கல்லீரல், நுரையீரலின் அடிப்பகுதி என்ற வரிசையில் யோசிப்பதுதான் முறை. அந்த வரிசையில் எதுவும் விடுபடவில்லை. ஆனால் மூன்று சீட்டுகளிலும் பெயருக்கும் வயதுக்கும் பக்கத்தில் ‘அன்மேரிட்’ என்ற ஒரு குறிப்பு இருந்தது. மாதவிடாய் பற்றி ஓர் இடத்தில் மட்டும் ‘ஒழுங்கானது’ என்று எழுதப்பட்டிருந்தது. பாலுறவு பற்றி எங்கும் எதுவும் இல்லை. நம் ஊரில் “கல்யாணம் ஆயிடுச்சா?” என்ற கேள்வியே பாலுறவு வரலாற்றைக் கேட்டதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ‘இல்லை’ என்ற பதில் வந்துவிட்டால் கருப்பை வாய், கருக்குழாய், இடுப்புக்குழி சார்ந்த நோய்களில் பாதி அந்தக் கணமே பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன. இந்த நிகழ்வில் நோய் அறியப்படாமல் போன மூன்று வாரங்களுக்கும் காரணம் அந்த ஒற்றைக் குறிப்புதான் என்பது என் கணிப்பு.

விடுபட்ட கேள்வி

உடல் பரிசோதனைக்காகத் தாயாரைச் சற்று நேரம் வெளியே அமரச் சொன்னோம். இதைத் தனிப்பட்ட ஒருவர் மீதான சந்தேகமாக அல்லாமல் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான நடைமுறையாக வைத்துக்கொண்டால், தாய்மாரும் முகம் சுளிப்பதில்லை. பெண் செவிலியர் ஒருவர் உடன் இருக்க, முதலில் மாதவிடாய் பற்றியும் பின்னர் அடிவயிறு பற்றியும் கேட்டோம். விலாவில் வலி தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு அடிவயிறு கனத்து லேசாக வலித்ததாகவும், அதை மாதவிடாய் வலி என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் சொன்னார். சில மாதங்களாகவே இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவில் துளித்துளியாக இரத்தம் பட்டது. வெள்ளைப்படுதலும் சற்று மஞ்சளாக மாறியிருந்தது. உடன் தங்கியிருந்த தோழிகள் இருவருக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருந்ததால் தமக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அதன் பிறகே நேரடியான கேள்விக்கு வந்தோம். “உங்களுக்கு யாரோடயாவது உடலுறவு இருந்திருக்கா? இதை எல்லார்கிட்டயும் கேக்கறோம். நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகாது” என்றதும், அவர் ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லவில்லை. “ஃபைல்ல எழுதுவீங்களா டாக்டர்?” என்று கேட்டார்.

இந்த ஒரு வரிக்குப் பல பக்கங்களுக்கு நிகரான பொருள் உண்டு. ஃபைல் தாயாரின் கையில் இருக்கிறது. அதில் எழுதப்படுவது எதுவும் இரவுக்குள் ஊரில் படிக்கப்படும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதற்கு அவர் தயங்கவில்லை, சீட்டில் அது ஏறுவதற்கே தயங்கினார். எனவே விவரமான குறிப்பை மருத்துவமனையின் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, கையில் கொடுக்கும் சீட்டில் மருந்துகளையும் மறுவருகைத் தேதியையும் மட்டும் எழுதுவதாக ஒப்புக்கொண்டோம். அவர் 18 வயது நிறைந்தவர் என்பதால் அவருடைய மருத்துவத் தகவல் அவருக்கே உரியது. பெற்றோரிடம் பகிர்வதற்கும் அவருடைய இசைவு தேவை. (18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் நிலைமை வேறு. போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. பாதுகாப்புக்காக வந்த அந்த ஏற்பாடு, ஒத்த வயதுடைய வளரிளம் பருவத்தினர் சிகிச்சைக்கு வருவதையே தயங்கச் செய்கிறது என்பதும் புறநோயாளர் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த உண்மை.)

அதன் பின் அவர் சொன்ன வரலாறு சுருக்கமானது. ஒன்றரை ஆண்டுகளாக ஒருவருடன் உறவில் இருந்தார்; அதற்கு முன் கல்லூரிக் காலத்தில் ஒரு உறவு இருந்தது. முதல் சில மாதங்கள் ஆணுறை பயன்படுத்தினார்கள். ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கியபின் அதை விட்டுவிட்டு, நாள் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள். கர்ப்பம் பற்றிய கவனம் இருவருக்கும் இருந்தது, தொற்று பற்றிய எண்ணமே இருக்கவில்லை. இது இவர்கள் இருவருக்கும் மட்டும் உரிய குறை அன்று. படித்த இளையோரிடையே ஆணுறை என்பது பெரும்பாலும் கருத்தடைச் சாதனமாகவே அறியப்பட்டிருக்கிறது.

பரிசோதனையும் முடிவுகளும்

உடல் வெப்பம் சற்றே கூடியிருந்தது. வலது மேல்வயிற்றை அழுத்தியபோது வலி இருந்தது. அடிவயிற்றின் இருபுறமும், குறிப்பாக வலப்புறம், அழுத்தத்துக்கு வலித்தது. அவருடைய இசைவுடன் செய்த இடுப்புக்குழிப் பரிசோதனையில் கருப்பை வாய் சிவந்து, தொட்டவுடன் கசியும் நிலையில் இருந்தது. அதன் துவாரத்தில் மஞ்சள் நிறச் சளி போன்ற கசிவு காணப்பட்டது. கருப்பை வாயை மெல்ல அசைத்தபோது அவர் முகம் சுருங்கியது. இளம் வயதில், வேறு காரணம் புலப்படாத நிலையில், இந்த ஒரு அடையாளமே இடுப்புக்குழி அழற்சிக்கு (கருப்பை, கருக்குழாய் சார்ந்த பகுதிகளின் தொற்று அழற்சி) சிகிச்சையைத் தொடங்கப் போதுமானது.

சிறுநீர்க் கர்ப்பச் சோதனை முதலில் செய்யப்பட்டது. இல்லை என்று வந்தது. இளம்பெண்ணுக்கு வயிற்று வலி என்றால் கருக்குழாய்க் கர்ப்பத்தை விலக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவும், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மிதமாக உயர்ந்தும் இருந்தன. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. குடல்வால் சிலருக்குக் கல்லீரலுக்கு அடியில் மேலேறி இருப்பது உண்டு என்பதால், அதை விலக்கும்பொருட்டு அறுவை மருத்துவரின் ஆலோசனைப்படி மாற்றுச்சாயம் செலுத்திய சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. குடல்வால் இயல்பான இடத்தில் இயல்பாகவே இருந்தது. ஆனால் கல்லீரலின் மேலுறை, சாயம் தமனிகளில் ஓடும் கட்டத்தில் மெல்லிய கோடாக ஒளிர்ந்தது. இடுப்புக்குழியில் சிறிதளவு நீரும், கருக்குழாய்களைச் சுற்றி லேசான தடிப்பும் இருந்தன, சீழ்க்கட்டி இல்லை.

கருப்பை வாயிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி மாதிரி, கோவிட் காலத்தில் வீடுதோறும் பேசப்பட்ட அதே பிசிஆர் வகையைச் சேர்ந்த மரபணுப் பெருக்கச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. கிளமிடியா டிரகோமாட்டிஸ் இருப்பது உறுதியானது; மற்றொரு பால்வினைத் தொற்றான கொனோரியாவின் கிருமி இல்லை. எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகிய மூன்றுக்கும் முடிவு எதிர்மறையாக இருந்தது. அகப் பரிசோதனைக்கு இசையாத பெண்களுக்கும் இந்தச் சோதனை சாத்தியமே என்பதைக் குறிப்பிட வேண்டும்: தாமே யோனிப் பகுதியிலிருந்து எடுத்துத் தரும் பஞ்சுக்குச்சி மாதிரி, மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு நிகரான துல்லியம் உடையது.

இடுப்புக்குழியில் தொடங்கிய அழற்சி கல்லீரல் உறைக்கு எட்டும் இந்த நிலைக்கு ஃபிட்ஸ்-ஹியூ–கர்ட்டிஸ் நோய்க்கூறு என்று பெயர். 1930-இல் கர்ட்டிஸ் என்பவரும் 1934-இல் ஃபிட்ஸ்-ஹியூ என்பவரும் இதனைத் தனித்தனியே விவரித்தபோது கொனோரியாவே காரணம் என்று கருதினர். கிளமிடியாவே பெரும்பங்கு வகிக்கிறது என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் தெளிவானது. கல்லீரலின் உறைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே வீணைத் தந்திகளைப் போல நீண்டு நிற்கும் மெல்லிய ஒட்டுகளை அறுவைச் சிகிச்சையின்போது காணலாம். நோயாளி மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் இறங்க, வீங்கிய உறை வயிற்றுச் சுவருடன் உராய்கிறது. அதுவே அந்தச் சுருக்கென்ற வலி. அழற்சி உறையோடு நின்று கல்லீரல் திசுவுக்குள் பெரும்பாலும் இறங்காததால்தான் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை இயல்பாக வருகிறது. இரண்டாவது மருத்துவரைத் திசைதிருப்பியதும் இதுவே.

கிருமியின் இயல்பு

கிளமிடியா டிரகோமாட்டிஸ் ஒரு பாக்டீரியா. ஆனால் வைரஸைப் போல, உயிருள்ள செல்லுக்குள் புகாமல் பெருக இயலாதது. செல்லுக்கு வெளியே அது கடினமான, பெருகும் ஆற்றலற்ற சிறு துகளாக இருக்கிறது. கருப்பை வாய், சிறுநீர்க்குழாய், மலக்குடல், கண்ணிமையின் உட்பரப்பு ஆகியவற்றின் செல்களில் ஒட்டி உள்ளே நுழைந்ததும், உருமாறிப் பெருகத் தொடங்குகிறது. ஏறத்தாழ 48 முதல் 72 மணி நேரத்தில் செல் நிரம்பி, புதிய துகள்கள் வெளியேறி அடுத்த செல்களைத் தேடுகின்றன. இந்த வாழ்முறையிலிருந்து நடைமுறைக்கு உதவும் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, சாதாரண ‘யூரின் கல்ச்சர்’ சோதனையில் இது ஒருபோதும் வளராது. ‘நோ குரோத்’ என்று வரும் அறிக்கை இந்தக் கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரண்டு, செல்லுக்குள் ஊடுருவும் மருந்துகளே இதற்குப் பயன்படும்.

கிருமியின் வரலாற்றிலும் ஒரு வியப்பு உண்டு. இதே இனத்தின் வேறு சில வகைகளே கண்பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோய்க்குக் காரணம். 1907-இல் ஜாவாத் தீவில் ஆய்வுசெய்த ஹால்பெர்ஸ்டேட்டரும் புரோவாசெக்கும் இதனைச் செல்களுக்குள் முதன்முதலில் கண்டதும் கண் நோயை ஆராய்ந்தபோதுதான். டிரக்கோமாவை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அங்கீகரித்தது. பிறப்புறுப்பைத் தாக்கும் வகைகளைப் பொறுத்தவரை அத்தகைய முயற்சி எங்குமே எளிதாக இல்லை. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரிடையே சுமார் 12.9 கோடி புதிய கிளமிடியா தொற்றுகள் ஏற்பட்டதாக அந்நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இளையோரிடம் இது ஏன் மிகுதி என்பதற்கு நடத்தையை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மை. வளரிளம் பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கருப்பை வாயின் உட்பக்கத்து மென்மையான தூண்வடிவச் செல்கள் வெளிப்பரப்பு வரை நீண்டிருக்கும். கிருமி ஒட்டுவது அந்தச் செல்களில்தான். வயது கூடக்கூட அந்தப் பரப்பு தடித்த செல்களால் மூடப்படுகிறது. ஆகவே ஒரே ஒருமுறை ஏற்படும் தொடர்பிலும் 20 வயதுப் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 35 வயதுப் பெண்ணைவிட உடற்கூற்றளவிலேயே கூடுதல்.

தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் அறிகுறியே இருப்பதில்லை. இருந்தாலும் அது வேறு பெயரில் வருகிறது: சூடு, நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், ஒழுங்கற்ற மாதவிடாய். சிகிச்சை பெறாத பெண்களில் சுமார் 10 முதல் 15 விழுக்காட்டினருக்குக் கிருமி மேலேறிக் கருக்குழாய்களை அடைகிறது. அங்கே சேதத்தைச் செய்வதில் கிருமியைவிட உடலின் எதிர்ப்பாற்றலுக்கே பங்கு அதிகம். அழற்சி ஆறும்போது குழாயின் உட்சுவரில் தழும்பு விழுகிறது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் நீண்ட காலம் நடந்த ஓர் ஆய்வில், உள்நோக்கியால் உறுதிசெய்யப்பட்ட இடுப்புக்குழி அழற்சி ஒருமுறை வந்த பெண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும், இருமுறை வந்தோரில் 20 விழுக்காட்டினருக்கும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தோரில் 40 விழுக்காட்டினருக்கும் கருக்குழாய் சார்ந்த குழந்தையின்மை ஏற்பட்டது. சிகிச்சையில் மீண்டும் தொற்றாமல் தடுப்பதற்கு ஏன் அத்தனை அழுத்தம் கொடுக்கிறோம் என்பதற்கு இந்த எண்களே விடை.

சிகிச்சை

செஃப்ட்ரியாக்சோன் 500 மில்லிகிராம் ஊசி ஒருமுறை. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் 14 நாள்கள். அதே 14 நாள்களுக்கு மெட்ரோநிடசோல் இருவேளை. கிளமிடியா மட்டுமே உறுதியானபோது எதற்கு மூன்று மருந்துகள் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. இடுப்புக்குழி அழற்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் கலந்திருப்பது வழக்கம். சோதனை முடிவுக்காகக் காத்திருப்பது கருக்குழாய்க்குக் கேடு. கிருமி கருப்பை வாயோடு நின்றிருந்தால் டாக்சிசைக்ளின் மட்டும் ஏழு நாள்கள் போதுமாக இருந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கு அதற்கு மாற்றாக அசித்ரோமைசின் ஒரு கிராம் ஒரே வேளையாகத் தரப்படுகிறது.

சீழ்க்கட்டி, கடும் காய்ச்சல், வாந்தி, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் மருத்துவமனையில் சேர்த்திருப்போம். இவருக்கு எதுவும் இல்லாததால் மூன்றாம் நாள் கட்டாயம் வர வேண்டும் என்ற நிபந்தனையுடன் அனுப்பினோம். அன்று வந்தபோது விலா வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மகள் வெளிறியிருப்பதாகக் கருதிய தாயார் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி, எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக இரவு உணவுக்குப் பின் பாலுடன் விழுங்க வைத்திருந்தார். இரும்பு, கால்சியம், அமிலநீக்கி ஆகியவை டாக்சிசைக்ளினுடன் இணைந்து அதைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரும்புச்சத்தைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்தச் சொன்னோம். மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாயில் புண் ஏற்படும். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவுடன் மாத்திரை போட்டுப் படுத்துவிடும் பழக்கம் உள்ளவர்களிடம் இதை இருமுறை சொல்வது நல்லது.

தாயாரிடம் என்ன சொல்வது என்பதையும் நோயாளியுடன் கலந்தே முடிவுசெய்தோம். கல்லீரலைச் சுற்றியுள்ள உறையில் கிருமித் தொற்றால் அழற்சி, கல்லீரலுக்குச் சேதம் இல்லை, பதினான்கு நாள் மருந்தில் குணமாகும் என்று சொன்னோம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தாயார் கேட்டது ஒன்றே ஒன்று: “எண்ணெய் சேக்கலாமா டாக்டர்?”

கட்டணம் செலுத்தித் தனியார் மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்குச் சென்னையில் வழியே இல்லை என்று இந்த விவரங்களைப் படிப்பவர்கள் எண்ணிவிட வேண்டாம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பால்வினை நோயியல் நிலையம் நெடுங்காலமாகச் செயல்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுக்கான சுக வாழ்வு மையங்களும், எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் சோதனைக்குமான நம்பிக்கை மையங்களும் உண்டு. 1097 என்ற தேசிய உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பல ஆண்டுகளாக வண்ணக் குறியிட்ட மருந்துப் பொதிகள் வழங்கப்படுகின்றன: சிறுநீர்க்குழாய், கருப்பை வாய்க் கசிவுக்குச் சாம்பல் நிறம், அடிவயிற்று வலிக்கு மஞ்சள் நிறம். ஆய்வகம் இல்லாத இடத்திலும் உடனே சிகிச்சை கிடைக்கச் செய்யும் இந்த ஏற்பாடு சிறந்ததே. ஆனால் அது அறிகுறியோடு வருபவருக்கானது; அறிகுறியே இல்லாத பெரும்பான்மையினர் அதன் கண்ணில் படுவதில்லை. பாலுறவில் ஈடுபடும் 25 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு ஆண்டுக்கொருமுறை கிளமிடியா சோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்வது அந்தப் பெரும்பான்மையினருக்காகவே. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு அது. அதே நகரில் இன்றும் ஒரு சாதாரணப் புறநோயாளர் சீட்டில் பாலுறவு வரலாற்றுக்கான இடம் வெறுமையாக இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

துணைவர்

கடந்த 60 நாள்களில் உறவுகொண்ட துணைவருக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை தரப்பட வேண்டும். அம்பத்தூரில் பணிபுரியும் 25 வயதான அவர் இரண்டு நாள் கழித்து வந்தார். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு மாத்திரை போடணும்?” என்றார். தூண்டிக் கேட்டபோது, முந்தைய ஆண்டு கோடையில் சில நாள்கள் நீர்க்கடுப்பு இருந்ததாகச் சொன்னார். உடம்புச் சூடு என்று இளநீரும் சப்ஜா விதையும் குடித்திருக்கிறார். குறையாதபோது மெடிக்கல் ஷாப்பில் நார்ஃப்ளாக்சசின் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சிறுநீர்க் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. பின்னர் எரிச்சல் தானாக அடங்கிவிட்டது. நார்ஃப்ளாக்சசின் கிளமிடியாவை நீக்கும் மருந்து அன்று. அறிகுறி அடங்கினாலும் கிருமி தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் சிறிதளவைப் பிடித்துத் தரச் சொன்னோம். வழக்கமாகக் கல்ச்சருக்குக் கேட்கப்படும் நடுப்பகுதிச் சிறுநீர் இதற்கு உதவாது, குழாயின் சுவரிலிருந்து கழுவப்பட்டு வரும் முதற்பகுதியே வேண்டும். சோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் ஏழு நாள்களுக்குத் தொடங்கப்பட்டது. முடிவு பின்னர் நேர்மறையாகவே வந்தது.

அடுத்து வந்ததுதான் கடினமான பேச்சு. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது? இந்த ஒன்றரை ஆண்டில் துணைவர் வேறு யாரிடமாவது போனாரா என்பதே அந்தப் பெண்ணின் மனத்தில் இருந்த கேள்வி. அவருக்கும் அதே ஐயம் எதிர்ப்பக்கமாக இருந்தது. மருத்துவத்தால் இதற்கு விடை தர இயலாது. கிளமிடியா சிகிச்சையின்றி மாதக்கணக்கில், சிலரிடம் ஓராண்டுக்கும் மேலாக, ஓசையின்றித் தங்கும். பாதியளவு தொற்றுகள் ஓராண்டுக்குள் தாமாக நீங்கினாலும் மீதி நீடிக்கின்றன. இருவருக்குமே முந்தைய உறவுகள் இருந்தன. இன்று வந்த நேர்மறை முடிவு தொற்று இருப்பதை மட்டுமே சொல்கிறது. அது எந்தத் தேதியில் வந்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. இதை இருவருக்கும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லாமல் தனித்தனியே சொன்னோம். ஒன்றாக உட்காரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கேட்பதால், விளக்கம் தீர்ப்பாகக் காதில் விழுகிறது.

இருவரின் மருந்தும் முடியும்வரை உடலுறவைத் தவிர்க்கச் சொன்னோம். ஒருவர் முடித்து மற்றவர் முடிக்காத நிலையில் மீண்டும் சேர்ந்தால், குணமானவர் அடுத்த வாரமே திரும்பவும் தொற்றுக்கு ஆளாவார். ஒருமுறை வந்து போனதால் எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. முறையாகப் பயன்படுத்தப்படும் ஆணுறை தொற்றும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கிறது.

அடுத்தடுத்த மாதங்கள்

பதினான்காம் நாள் விலா வலி முற்றிலும் நின்றிருந்தது. அழுத்தினால் அடிவயிற்றில் லேசான வலி எஞ்சியிருந்தது, அது அடுத்த மாதவிடாய்க்குள் மறைந்தது. குணமாகிவிட்டதா என்று உடனே சோதித்துப் பார்க்க அவர் விரும்பினார். சிகிச்சை முடிந்த நான்கு வாரங்களுக்குள் செய்தால் இறந்த கிருமிகளின் மரபணு எச்சமே நேர்மறை முடிவு தரக்கூடும் என்பதால் மறுத்தோம். கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்களுக்கு, மருந்தை முழுமையாக எடுத்திருந்தால், உடனடி மறுசோதனை தேவையில்லை. மூன்று மாதம் கழித்துச் செய்யும் சோதனையோ அனைவருக்கும் தேவை. அது மருந்து வேலை செய்ததா என்பதற்காக அல்லாமல் மீண்டும் தொற்றியதா என்பதை அறிவதற்காகச் செய்யப்படுவது.

மூன்றாம் மாத இறுதியில் அவர் தனியாக வந்தார். தாமே எடுத்துத் தந்த மாதிரியில் கிளமிடியா இல்லை. எச்.ஐ.வி., சிஃபிலிஸ் மறுசோதனைகளும் எதிர்மறையே. இடைப்பட்ட இரத்தக் கசிவு நின்றிருந்தது. துணைவர் மருந்தை முடித்திருந்தார், மறுசோதனைக்கு மட்டும் வரவில்லை. தொலைபேசியில் ஒருமுறை நினைவூட்டினோம்.

கருக்குழாய்கள் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பதே அவருடைய கடைசிக் கேள்வி. குழந்தைக்கான முயற்சி இல்லாத நிலையில் குழாய்ப் பரிசோதனை செய்வதில் பயன் இல்லை. ஒருமுறை மட்டும் வந்து, சிகிச்சையும் பெற்ற பெரும்பாலான பெண்கள் பின்னாளில் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். ஆனால் தழும்பு விழுந்த குழாயில் கரு தங்கிவிடும் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால், எப்போது கர்ப்பம் தரித்தாலும் மாதவிடாய் தள்ளிப்போன ஓரிரு வாரங்களிலேயே ஸ்கேன் செய்து கரு கருப்பைக்குள் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று சொன்னோம். அந்த ஒரு குறிப்பை மட்டும் தம் கையில் இருக்கும் சீட்டில் எழுதித் தருமாறு அவரே கேட்டார், எழுதிக் கொடுத்தோம்.